முகாம் அல்ல, வகுப்பு

டாக்டர்கள் இவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்களே.

மாமல்லபுரத்துக் கடலோர விடுதியின் வாசலில் காரை நிறுத்தியபோது வசுமதிக்கு முதலில் தோன்றியது இதுதான். அவள் ஏற்பாடு செய்திருந்த ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே கூட்டம். டாக்டர்களை அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு டாக்டர்தான். ஒன்பது மணி என்றால் பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, “அட, ஆரம்பிச்சாச்சா?” என்று உண்மையாகவே ஆச்சரியப்படுகிற இனம் அது. தவிர, டாக்டர்கள் கையில் எக்ஸ்ரே உறை இருக்காது. மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளைத் திணித்துக்கொண்டு வரமாட்டார்கள்.

கூட்டத்தின் முன்வரிசையில் ரெபேக்காள் நின்றுகொண்டிருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் வசுமதியின் சின்ன கிளினிக்குக்கு வாரம் தவறாமல் வருகிறவள்.

“ரெபேக்கா, நீங்க எப்படி இங்க?”

“நல்லா கேட்ட போ டாக்டரம்மா. வாராவாரம் வரேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நேத்து ஆட்டோல மைக்கு கட்டிக்கினு சொல்லிக்கினே போனான். இதயம், கிட்னி, சக்கர, மூணுக்கும் பெரிய டாக்டருங்க ஒரே எடத்துல கீறாங்க, இலவசம், வாங்க வாங்கன்னு.”

ஆட்டோ அங்கேயேதான் நின்றது. கூரையில் ஒலிபெருக்கி. பின்னால் பாதி மறைந்தபடி ஆட்டோக்காரர் சடையப்பன்.

“சடையப்பன், நான் உங்ககிட்ட ஃப்ளெக்ஸ்தானே கட்டச் சொன்னேன்?”

“கட்டிட்டேம்மா. எல்லா முக்குலயும் கட்டிட்டேன்.”

“மைக்ல என்ன சொன்னீங்க?”

சடையப்பன் கடலைப் பார்த்தார். “போர்டுல கீறதத்தாம்மா சொன்னேன். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.”

வசுமதிக்குப் புரிந்துவிட்டது. ஃப்ளெக்ஸின் வாசகத்தைத் தமிழில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். மூன்று நிபுணர்களின் படம், ஒரு சிவப்பு இதயம், ‘ஒரே மேடையில்’ என்று பெரிய எழுத்து. இந்தப் பக்கத்தில் சுவரில் மூன்று டாக்டர்கள் சிரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இலவச மருத்துவ முகாம். தவறு என்னுடையது என்று முடிவு செய்தாள். சொந்தக்காரர் இல்லாத தவறு எங்கே கிடந்தாலும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வது அவள் சுபாவம்.

“எல்லாரும் கேளுங்க. இது முகாம் இல்ல. டாக்டர்களுக்கு நடக்கிற வகுப்பு.”

“டாக்டருக்கா? வகுப்பா?” என்றாள் ரெபேக்காள்.

“ஆமா. புதுசு புதுசா கண்டுபிடிக்கிறாங்க இல்ல? படிச்சுக்கிட்டே இருக்கணும்.”

“அப்ப இத்தினி நாளு படிக்காமத்தான் எங்களுக்கு மாத்திர குடுத்துக்கினு இருந்தீங்களா?”

கூட்டத்தில் சலசலப்பு. மதுராந்தகத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த ஏசுபாதம் என்கிற மீசைக்காரர் நியாயம் சொன்னார். “வுடும்மா. படிச்சிட்டே வரட்டும். சூடா படிச்சிட்டு சூடா பாத்தா நமக்குத்தான நல்லது? நாம குந்திக்கினு இருக்கலாம்.”

எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

அப்போது டாக்டர்கள் சங்கத் தலைவர் பன்னீர்செல்வத்தின் போன் வந்தது. செங்கல்பட்டில் இதய நிபுணர். இன்றைய முதல் பேச்சாளரும் அவர்தான்.

“வசுமதி, கூட்டம் வருமா? போன தடவை மாதிரி காலி நாற்காலிக்கு லெக்சர் குடுக்க வெச்சிடாதீங்க. இந்தத் தடவையும் ஆள் இல்லேன்னா இனிமே எல்லா வகுப்பும் சென்னையிலதான். கமிட்டியில சொல்லிட்டேன்.”

“கூட்டம் வந்தாச்சு சார்.”

அதில் பொய் எதுவும் இல்லை.

“பேஷ்! இதோ வந்துக்கிட்டே இருக்கேன். வீட்டம்மாவும் கூட வராங்க. நான் பேசற நேரத்துல அவங்க கோயிலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

சென்னையில் நடந்தால் இந்தப் பக்கத்துச் சின்ன டாக்டர்கள் யாரும் போகமாட்டார்கள் என்பது வசுமதிக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது கூட்டம்கூட இல்லை. மூன்று பேர். இதயம் பார்க்கிற பன்னீர்செல்வம், சிறுநீரகம் பார்க்கிற ஹரிப்ரியா, சர்க்கரை பார்க்கிற பிரவின்குமார். மூவரும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒருவரோடு ஒருவர் பேசிவிட வேண்டும். மூவர் மேலும் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. தனித்தனியே மூவரும் கைதேர்ந்த தையற்காரர்கள். ஒருவர் கையைத் தைத்தார், ஒருவர் கழுத்தை, ஒருவர் உடம்பை. போட்டுக்கொள்ளப் போகிற ஆளைத்தான் யாரும் சேர்த்து அளவெடுக்கவில்லை. இப்படித் தைத்த சட்டையைத்தான் ரெபேக்காள் ஒரு வருஷமாக மாட்டிக்கொண்டு திணறுகிறாள். இதயமும் சிறுநீரகமும் சர்க்கரையும் மூன்று நோய் அல்ல, ஒரே கயிற்றின் மூன்று புரி என்பதுதான் இன்றைய பாடமே.

வெயில் ஏறியது. ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வசுமதிக்கு மனசு கேட்கவில்லை. புல்வெளியில் சாப்பாட்டுக்குப் போட்டிருந்த பந்தலில் இவர்களை உட்கார வைத்துவிடலாம். விடுதி மேலாளர் நிதின் குறுக்கே வந்தான்.

“மேடம், பேட்ஜ் இல்லாம யாரையும் உள்ள விட முடியாது. ரிசார்ட் ரூல்.”

“நிழல்ல உட்காரத்தான் தம்பி.”

“பேட்ஜ் போட்டுக்கினு உட்காரட்டும் மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல.”

வரவேற்பு மேஜையில் டாக்டர்களின் பெயர் எழுதிய அட்டைகள் அழகாக அடுக்கியிருந்தன. எல்லா வகுப்புக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் வராதவர்கள் யார் யார் என்று வசுமதிக்கு மனப்பாடம். அவர்கள் அட்டைகளை மட்டும் எடுத்தாள். ரெபேக்காள் டாக்டர் மோசஸ் ஆனாள். ஏசுபாதம் டாக்டர் அனு ஆனார். கூட்டம் முடிகிற வழியாக இல்லை. வரப்போகிறவர்களின் அட்டைகளிலும் கை வைக்க வேண்டியதாயிற்று.

பந்தலில் கழிப்பறை இல்லை. அது வகுப்பு நடக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அவசரம் ஜாஸ்தி. ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. கூடத்தில் ஏசி இருந்தது. மெத்தை வைத்த நாற்காலி இருந்தது. வாசலில் நின்ற காவலாளி ஒவ்வொரு அட்டையையும் பார்த்து, “வாங்க டாக்டர்” என்று சல்யூட் வேறு வைத்தார்.

வசுமதி ஓடிப்போய்ப் பார்த்தபோது கூடம் நிறைந்துவிட்டிருந்தது. மேடையில் டாக்டர் பன்னீர்செல்வம் விளக்கேற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நிஜ டாக்டர்கள் வரத் தொடங்கினார்கள்.

“அட, ஆரம்பிச்சாச்சா?”

“உள்ள இடம் இல்ல சார். பந்தல்ல டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருங்க. ஒரு பத்து நிமிஷம்” என்றாள் வசுமதி.

டிபன் என்றதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் வாசலில் அடுத்த பஸ் நின்றது. மறுபடியும் எக்ஸ்ரே உறைகள். வசுமதிக்கு அழுகை வந்தது.

“சடையப்பன், நான் உள்ள போகணும். இனிமே வரவங்களை நீங்கதான் பாத்துக்கணும். பந்தல் ஓரமா சத்தம் போடாம உட்கார வைங்க, நிதின்கிட்ட நான் சொல்லிக்கறேன். கையில ஆளுக்கொரு டோக்கன் குடுத்துட்டா சண்டை வராது. வகுப்பு முடிஞ்சதும் நான் வந்து புரிய வைக்கிறேன்.”

“டோக்கன் தானம்மா? வுடு. ரேஷன் கடையில எத்தினி பாத்துக் கீறேன்.”

கூடத்தில் பன்னீர்செல்வம் பேசிக்கொண்டிருந்தார். ஆங்கிலம்தான். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு சபையைப் பார்த்ததில்லை. யாரும் போனை நோண்டவில்லை. யாரும் தூங்கவில்லை. அத்தனை கண்களும் அவர் முகத்தில். புரியாத பாஷையை மரியாதையோடு கேட்கிற பயிற்சி அவர்களுக்கு உண்டு. கோயிலிலும் சர்ச்சிலும் ஆஸ்பத்திரியிலும் பெற்ற பயிற்சி. பன்னீர்செல்வம் குரல் தழுதழுத்தது. இதயம் பம்பு என்றால் சிறுநீரகம் வடிகட்டி என்றார். ஒன்று களைத்தால் மற்றது தவிக்கும் என்றார். திரையில் வரைபடம் மாறும்போதெல்லாம் ஏசுபாதம் கைதட்டினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

நன்றாகத்தான் பேசுகிறார் என்று பின்சுவரில் சாய்ந்தபடி வசுமதி நினைத்தாள். இவ்வளவு தெளிவாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. இவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி தூரம்தான். அதைத் தாண்ட என்ன தடுக்கிறது? கூச்சமா? மரியாதையா?

“எனி கொஸ்டின்ஸ், டாக்டர்ஸ்?” என்றார் பன்னீர்செல்வம்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவர் குனிந்து அட்டையைப் படித்தார். “யெஸ், டாக்டர் மோசஸ்.”

வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் மோசஸு இல்ல சார். ரெபேக்காள். போன மாசம்கூட பாத்தீங்களே. கால் வீங்கிக்கினு வந்தேனே.”

பன்னீர்செல்வத்தின் புன்னகை அப்படியே நின்றது.

“தண்ணி போவ ஒரு மாத்திர குடுத்தீங்க. போட்டேன். கால் வத்திச்சு. அப்பால மேடையில கீற இந்த கிட்னி டாக்டரம்மா ரத்தத்தப் பாத்துட்டு, கிட்னி காயுது, அத்த நிறுத்துன்னாங்க. நிறுத்தினேன். திரும்ப வீங்கிச்சு. உங்ககிட்ட வந்தேன். ரெண்டா போடுன்னீங்க. நான் ஊஞ்சல்ல குந்திக்கினு கீறேன் சார். நீங்க அந்தாண்ட தள்றீங்க, அவங்க இந்தாண்ட தள்றாங்க. யாராவது ஒருத்தரு புடிச்சு நிறுத்தக் கூடாதா?”

ஹரிப்ரியா பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவள் அவருடைய மகள் வயசு. அவர் அவளைப் பார்த்தார்.

சூழ்நிலையைச் சமாளிக்க பிரவின்குமார் மைக்கை எடுத்தார். “ஆனா சுகர் ரொம்ப நல்லா இருக்கும்மா உங்களுக்கு. எல்லா பேஷண்டுக்கும் உங்களைத்தான் உதாரணம் சொல்றேன்.”

“ஆமா சார். அந்தச் சந்தோஷத்துல காலைல வாசல் தெளிக்கிற எடத்துலியே தல சுத்தி விழுந்துடறேன்.”

“எப்பலேர்ந்து?” என்றாள் ஹரிப்ரியா.

“மழைக்கு முன்னாலேர்ந்து.”

ஹரிப்ரியா எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கி ரெபேக்காளின் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: “பிரவின், அது கன்ட்ரோல் இல்ல. கிட்னி சோர்ந்துபோனா போட்ட இன்சுலின் வெளிய போகாம உடம்புலயே தங்கிடும். அவங்க சுகர் நல்லா இல்ல, அளவுக்கு மேல இறங்குது. எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். பண்ணல.”

அத்தனை பேர் முன்னிலையில் ஒருவர் இப்படிச் சொல்ல முடியும் என்பதே வசுமதிக்குப் புதிது. அதைவிடப் புதிது, பிரவின்குமார் கோபப்படாதது.

“நானும் கேட்டிருக்கணும்” என்றார் அவர். “நம்பர் நல்லா இருந்தா நாம கேள்வியே கேக்கறதில்ல.” அவரும் இறங்கி வந்தார்.

பன்னீர்செல்வம் மேடையில் தனியாக நின்றார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முழங்கால் வலிக்கப் படி இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, ரெபேக்காளின் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின்மேல் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மூன்று தலைகளும் அந்தக் குழியின் மேல் குனிந்தன.

அப்புறம் அவர்கள் சண்டை போட்டார்கள். தமிழில். மைக் இல்லாமல். “அரை மாத்திரைக்கு மேல கூடாது சார்.” “அரையில கால் வத்தாதும்மா.” “உப்பைக் குறைச்சா வத்தும்.” “இன்சுலினை நான் இன்னிக்கே பாதியாக்கறேன், நீங்க உங்க பக்கம் பாருங்க.” வசுமதி ஒரு சங்கீதத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மூன்று பேரும் ஒரே விஷயம் சொன்னார்கள்: ரெபேக்காள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், எடை ஏறினால் வசுமதி டாக்டரிடம் போக வேண்டும், வசுமதி டாக்டர் மூவருக்கும் ஒரே நேரத்தில் சொல்வார், மூவரும் பேசிக்கொள்ளாமல் யாரும் எதையும் மாற்றுவதில்லை.

“அவ்ளோதானா?” என்றாள் ரெபேக்காள். “இதுக்கா ஒரு வருஷம்?”

“அவ்ளோதாம்மா” என்றார் பன்னீர்செல்வம். அவர் குரலில் இருந்த வெட்கம் வசுமதிக்குப் பிடித்திருந்தது.

“சார், எனக்கும் கால் வீங்கிக் கீது!” என்று ஏசுபாதம் எழுந்தார்.

பன்னீர்செல்வம் அட்டையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். “டாக்டர்... அனு?”

“எனக்கும் சார்!” “இங்க பாருங்க சார்!” கூடம் முழுக்கக் கைகள், கைகளில் எக்ஸ்ரே உறைகள். பன்னீர்செல்வம் மெதுவாக எழுந்து நின்றார்.

“இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?”

அத்தனை கைகளும் கீழே இறங்கின.

“வசுமதி! நம்ம டாக்டர்ஸ் எங்க?”

“பந்தல்ல சார். டிபன் சாப்பிட்டுக்கிட்டு...”

அவர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். வசுமதி பின்னால் ஓடினாள்.

பந்தலில் யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. இட்லித் தட்டுகள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. வெள்ளைத் துணி விரித்த மேஜைகளுக்குப் பின்னால் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வரிசை. கார்களிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பும் இரத்த அழுத்தக் கருவியும் எப்போதோ வந்துவிட்டிருந்தன. ஒரு மேஜையில் குழந்தைகள் டாக்டர் ஒரு பாட்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பக்கத்து மேஜைக்குக் குரல் கொடுத்தார். அவர் எழுந்து வந்தார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரு நோயாளியைச் சுற்றி நாலு டாக்டர்கள். உள்ளே மூன்று பேர் செய்ததை இங்கே யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். எப்போதும் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள் இவர்கள்தானா என்று வசுமதிக்கு நம்ப முடியவில்லை. எவ்வளவு நல்லவர்கள் இவர்கள்! கண்ணெதிரே ஒரு நோயாளி வந்து உட்கார்ந்தால் போதும் போலிருக்கிறது.

நடுவில் சடையப்பன், கையில் மைக்கோடு.

பன்னீர்செல்வத்தின் முகம் சிவந்திருந்தது. உள்ளே படியில் உட்கார்ந்த மனிதர் போய், சங்கத் தலைவர் திரும்பியிருந்தார். “இது வகுப்பா, திருவிழாவா? நாளைக்கு மெடிக்கல் கவுன்சில்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? யார் இந்த அனௌன்ஸ்மெண்ட் குடுத்தது?”

“தப்பு என்னுதுதான் சார். ஃப்ளெக்ஸ்ல நான் போட்ட வாசகம்...”

“ஃப்ளெக்ஸ் பேசாது. யாரோ பேச வெச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சுப் போலீஸ்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுங்க. முதல்ல இந்தப் பந்தலைக் காலி பண்ணுங்க. இப்பவே.”

‘சரி சார்’ என்ற சொல் வசுமதியின் தொண்டை வரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக வந்து பழகிய சொல். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. சடையப்பன் உற்சாகத்தில் இருந்தார். டோக்கன் வாசிப்பதில் அவருக்கென்று ஒரு பாணி உருவாகிவிட்டிருந்தது.

“அடுத்தது! தனியா போயி இன்னொரு டாக்டர பாத்தா வூட்டுக்காரருக்குக் கோவம் வரும், கும்பலோட கும்பலா போனா கண்ணுல படமாட்டேன்னு சொல்லி, நேத்து எனக்கு மைக்கு கட்டச் சொன்ன மவராசி, நம்ம பன்னீர்செல்வம் ஐயா வூட்டம்மா, துர்காதேவி! வாங்க வாங்க, முன்னாடி வாங்க!”

மூன்றாவது வரிசையில், தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்தார். செருப்பு கையில் இருந்தது. பாதங்கள் அதில் நுழைகிற அளவில் இல்லை.

பன்னீர்செல்வம் அந்தப் பாதங்களையே பார்த்தார். பிறகு, பக்கத்தில் நிற்கிற வசுமதிக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: “அவங்களை அந்த வரிசையிலேர்ந்து கூட்டிக்கிட்டு வந்திடுங்க வசுமதி. நான் பாத்துக்கறேன்.”

வசுமதி மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் துர்காதேவியின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அவங்க டோக்கன் வந்திடுச்சு சார்” என்றாள்.